மாமாவின் கம்ப்யூட்டருக்கு நான் கூட்டிய வேகம்

ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் மாட்டுங்காவிலிருந்து வருவாள். ‘பை’ என்ற எண்ணைப் பத்து லட்சம் இலக்கம் வரை அவள் வீட்டுக் கம்ப்யூட்டர் இருபத்தெட்டு வினாடியில் கணக்கிட்டுவிடுமாம். அதற்கென்றே ஒரு சிறு புரோகிராம் உண்டு. அதைப் பென்டிரைவில் போட்டு எனக்கும் கொடுத்தாள். தாராவியில் எங்கள் வீட்டிலும் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை என்பது, அவள் கொடுத்த விதத்திலேயே தெரிந்தது.

இருந்தது. ஆனால் அது மாமாவுடையது. அம்மாவின் தம்பியான அவர் எங்களோடுதான் தங்கியிருந்தார். கல்யாணம், ஞானஸ்நானம், சடங்கு என்று சுற்றுவட்டாரத் தமிழ் வீடுகளின் விசேஷங்களுக்கெல்லாம் அவர்தான் வீடியோ எடுப்பார். எங்கள் ஒற்றை அறைக்கு மேலே இரும்பு ஏணியில் ஏறிப்போகும் தட்டு ஒன்று உண்டு. மாலா என்போம். நிமிர்ந்து நிற்க முடியாத அந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் எடிட்டிங் செய்வார். கம்ப்யூட்டரைக் குர்லாவில் ஒவ்வொரு பாகமாக வாங்கி அவரே பூட்டியிருந்தார்.

அவர் வெளியே போயிருந்த ஒரு மதியம் அந்தப் புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன். முப்பத்தொரு வினாடி.

மறுநாள் சைபர் கஃபேயில் உட்கார்ந்து இணையத்தில் தேடினேன். பிராசஸரை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டலாம், ஓவர்கிளாக்கிங் என்று பெயர், செலவே கிடையாது என்று போட்டிருந்தது. கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும்போது டெலிட் விசையை அழுத்தினால் ஒரு நீலத் திரை வரும். அதில் இருநூறு என்றிருக்கும் எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். கடைசியில் ஓர் எச்சரிக்கையும் இருந்தது. மலிவான மதர்போர்டுகளில் பிராசஸரோடு சேர்ந்து ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் பாதையின் வேகமும் கூடிவிடும், எழுதியிருப்பதெல்லாம் சிதைந்துபோகலாம் என்று. நான் அதைப் படித்தேன். படிக்கவில்லை என்று பின்னாளில் எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். படித்தேன் என்பதுதான் உண்மை.

இருநூற்றுப் பதினைந்தில் இருபத்தொன்பது வினாடி வந்தது. இருநூற்று நாற்பதில் திரை கறுத்து அப்படியே நின்றுவிட்டது. மூடியைக் கழற்றி, காசு மாதிரியிருந்த பேட்டரியை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டதும் பழைய எண்ணோடு உயிர் வந்தது. அதோடு விட்டிருக்கலாம். இருநூற்று முப்பத்து மூன்று வைத்தேன். இருபத்தேழு வினாடி. மாலாவில் தலை இடிபடத் துள்ளி எழுந்தேன்.

சாயங்காலம் மாமாவே சொன்னார். “ஏட்டி, இன்னைக்கு மிஷின் நல்லா ஓடுதே. முக்கா மணிநேர வேல நாப்பது நிமிசத்துல முடிஞ்சிட்டு.” அவருக்கும் நல்லதுதானே செய்திருக்கிறோம் என்று எண்ணை மாற்றாமலே விட்டுவிட்டேன்.

அந்த வாரம் அவர் கையிலிருந்தது எங்கள் சந்திலேயே நடந்த ஒரு கல்யாணத்தின் வீடியோ. பெண்ணின் அப்பா பெல்ட் பட்டறையில் வேலை பார்த்தவர், கடுமையான நோயாளி. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சர்ச் ஹாலுக்கு வந்து, நாற்காலியில் சாய்ந்தபடியே மகளை ஆசீர்வதித்தார். மூன்றாம் வாரம் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்த இரண்டாம் நாள் அந்தக் கல்யாண வீடியோ இருந்த ஃபோல்டர் திறக்கவில்லை. பெயர்களெல்லாம் கட்டங்களும் கேள்விக்குறிகளுமாக மாறியிருந்தன. மாமாவிடம் கேமரா கார்டு ஒன்றுதான் இருந்தது. காப்பி எடுத்ததும் அழித்துவிட்டு அடுத்த விசேஷத்துக்குப் போவார். குர்லாவில் தெரிந்தவர்களிடமெல்லாம் டிஸ்க்கைக் கொண்டுபோய்க் காட்டினார். ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் குர்லாவுக்குப் போயிருந்த நேரத்தில் நான் பழைய இருநூறையே வைத்துவிட்டேன்.

“டிஸ்க்கு போயிட்டு, வேற என்ன,” என்றார் திரும்பி வந்து.

“ஆமா மாமா. ரெண்டு நாளா அதுல ஒரு சத்தம் வந்துச்சு,” என்றேன்.

சத்தம் எதுவும் வரவில்லை. யாரும் என்னைக் கேட்கவுமில்லை. நானாகவே சொன்னேன்.

“சத்தம் வந்துச்சா? எனக்குக் கேக்கலியே,” என்றவர், தன் காதையே குறை சொல்வதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டார். நான் புத்தகத்தை விரித்துக்கொண்டேன்.

அதன்பின் ஒரு மாதம் மாமா கல்யாணத்துக்கு வந்தவர்களைத் தேடி அலைந்தார். செல்போனில் யாராவது எதையாவது எடுத்திருப்பார்கள் என்று உல்லாஸ்நகர் போனார். டோம்பிவிலிக்கு என்னையும் கூட்டிப்போனார். திரும்பும் ரயிலில் ஒரு சீட் கிடைத்தபோது என்னை உட்காரவைத்துவிட்டு அவர் நின்றுகொண்டே வந்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கிடைத்தது யாரோ செல்போனில் எடுத்த நாற்பது வினாடி. பேண்டு வாத்திய இரைச்சலுக்கு நடுவே பெண்ணின் அப்பா ஓரமாகத் தெரிந்தார்.

அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அதை மூன்று முறை பார்த்தார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. போனை மாமாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

“நீ கிட்ட இருந்துல்லா எடுத்த, தம்பி. அவிய ஏதும் பேசுனாவளா?”

“இல்லக்கா. மூச்சு வாங்குச்சுல்லா. சும்மா சிரிச்சிட்டு இருந்தாவ.”

“செரி. சிரிச்சாவல்லா,” என்று எழுந்தார்.

நான் ஏணியடியில் நின்றிருந்தேன். பெண்ணின் அப்பா பேசியிருந்தார். மாமா எடிட் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து நானே கேட்டேன், ஏறக்குறைய மூன்று நிமிடம். “இருவத்திரெண்டு வருசத்துல எம் பொண்டாட்டிய ஜுஹூ பீச்சுக்குக்கூட கூட்டிட்டுப் போனதில்ல தம்பி. மனசுல இருந்துச்சு, போவல. அவ ஒருநாளும் கேக்கவும் இல்ல. நீ இத அவகிட்ட போட்டுக் காட்டணும்,” என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார்.

அந்த அக்கா படியிறங்கிப் போனதும் மாமா போனைச் சட்டைப்பையில் வைத்தார். என்னை ஒருமுறை பார்த்தார். நானும் அதைக் கேட்டவள் என்பது அவருக்குத் தெரியும். “அந்த அக்காட்ட ஒண்ணும் சொல்லிராத, என்ன?” என்றார்.

தலையாட்டினேன். வெட்கத்தை விட்டு இதையும் சொல்கிறேன்: அன்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. மாமாவும் என்னைப் போலப் பொய் சொல்லித் தப்பித்துக்கொள்கிறார், தன் மேல் பழி வந்துவிடும் என்று பயப்படுகிறார் என்றே நினைத்தேன். அந்த மூன்று நிமிடம் இருந்தது என்று தெரிந்துவிட்டால், அதை நினைத்தே அந்த அக்கா மிச்சக் காலமெல்லாம் தவித்துப்போவார் என்று மாமா அஞ்சியது எனக்குப் பிடிபடவில்லை. செத்துப்போன ஒரு மனிதர் மாமாவை நம்பி ஒப்படைத்துப் போன சொல்லை, அது சேர வேண்டியவரிடமே இல்லை என்று சொல்லும்படி அவரை ஆக்கியது நான்தான் என்பதும் பிடிபடவில்லை.