முனிவேல் விழுங்கிய தெலுங்கு

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவன் என்று என் மனைவி என்னைச் சொல்வாள். நான் மறுத்ததில்லை. தமுக்கடிக்கும் முனிவேலின் கதை எனக்குத் தெரிய வந்ததே அந்த மூக்கால்தான்.

ஐம்பத்தேழாம் வருஷம். ஓசூர் பஞ்சாயத்து ஆபீசில் நான் குமாஸ்தா. எந்த உத்தரவு வந்தாலும் ஊருக்குச் சொல்வது முனிவேல். எங்கள் ஊரில் ஒரு தடவை சொன்னால் போதாது. தமிழில் சொல்லி, தமுக்கைத் தட்டி, கன்னடத்தில் சொல்லி, மறுபடி தட்டி, தெலுங்கில் சொல்ல வேண்டும். ஆறு இடம், மூன்று மொழி, ஆக பதினெட்டு தடவை. மூன்றிலும் அவன் குரல் கணீரென்று இருக்கும். எந்த மொழிக்காரனும் அவனைத் தன் ஆள் என்றே நினைத்துக்கொள்வான்.

அந்த மாசி மாதம் நாலு புது விதிகள் வந்தன. குழாயடியில் மாடு குளிப்பாட்டக் கூடாது. வண்டிகள் சாலையின் இடப்பக்கமே போக வேண்டும். இருட்டில் ஓடும் ஒவ்வொரு மாட்டுவண்டியின் அடியிலும் லாந்தர் எரிய வேண்டும். நாலாவது, சித்தசுவாதீனம் இல்லாமல் சாலையில் திரிகிறவர்களை வீட்டார் வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும். தவறினால் வருகிற திங்கட்கிழமை முதல் போலீசார் பிடித்து, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். நகல் எழுதியவன் நான்தான். குழாயடி மாட்டையும் மனம் பிசகிய மனிதரையும் ஒரே காகிதத்தில் எழுத எனக்கு என்னவோ போல் இருந்தது. ஆனாலும் எழுதினேன்.

செவ்வாயும் புதனும் முனிவேல் தமுக்கடித்தான். புதன் மத்தியானம், தளிப் பக்கத்திலிருந்து காய்கறி ஏற்றி வரும் வண்டிக்காரன் சென்னகிருஷ்ணன் ஏதோ காரியமாக ஆபீசுக்கு வந்தான். வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். சும்மா இருக்க முடியாமல், லாந்தர் வாங்கிவிட்டாயா என்று கேட்டேன்.

"என்ன லாந்தருங்க சாமி?"

"முச்சந்தியில தமுக்கு கேக்கலையா?"

"கேட்டேனுங்க. தமிழ்ல சொன்னான், கன்னடத்துல சொன்னான். எங்க முறை வரும்னு வண்டிய நிறுத்திட்டு நின்னேன். தமுக்கைத் தோள்ல மாட்டிட்டுப் போயிட்டான்."

"உனக்குத்தான் தமிழ் தெரியுமே."

"தெரியுமுங்க. ஆனா எங்க பேச்சுல சொன்னாத்தானுங்களே எங்களுக்குச் சொன்ன மாதிரி."

அவன் போனதும் எனக்கு ஆபீசில் இருப்புக் கொள்ளவில்லை. பதினைந்து வருஷத்தில் ஒரு தட்டுக்கூடக் குறைக்காதவன் முனிவேல். அவன் ஏன் ஒரு மொழியையே விழுங்க வேண்டும்?

வியாழக்கிழமை காலை குடையை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போனேன். ஐந்து இடத்திலும் மூன்று மொழியும் சுத்தமாக வந்தன. ஆறாவது இடம், பெங்களூர் ரோட்டில் தளி ரோடு பிரியும் முச்சந்தி. கன்னடம் முடிந்ததும் தமுக்கைத் தோளில் மாட்டினான்.

"தெலுங்கு எங்கே முனிவேலு?"

என்னைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிப்போனது. சாலையைக் காட்டினான். அவனுடைய அக்கா முனிலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். பட்டப்பகலில் கையில் ஒரு லாந்தர். போகிற வண்டியை எல்லாம் கைகாட்டி நிறுத்தி, குனிந்து அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரே அறிந்த காட்சிதான். காரணத்தை மட்டும் நான் கேட்டதில்லை. இந்த மூக்கு அங்கே ஏன் போகவில்லை என்பது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அவன் சொன்னான். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம் அவள் வீட்டில் பசு கன்று போடும் நிலையில் இருந்தது. வெளிச்சத்துக்காக வண்டியில் கட்டியிருந்த லாந்தரை அவிழ்த்து வைத்துக்கொண்டாள். புருஷன் லாந்தர் இல்லாமலே பாரம் ஏற்றிப் போனான், உயிரோடு திரும்பவில்லை. வண்டி இருந்ததே தெரியவில்லை என்றான் இடித்த லாரிக்காரன்.

"அன்னையில இருந்து எங்க வீட்டுத் தெலுங்கைத் தவிர எதுக்கும் காது குடுக்கறதில்லீங்க. உன்னைப் புடிச்சுட்டுப் போவாங்கன்னு எங்க அக்காளுக்கு நானே தமுக்கடிச்சுச் சொல்லணுங்களா?"

"வீட்டோட வெச்சுக்கலாமே."

"ஒருநாள் கட்டிப் போட்டேனுங்க. கை ரெண்டும் புண்ணாயிருச்சு. அதுக்கப்புறம் என்னால முடியல."

இருந்தாலும் சொன்னேன். "திங்கக்கிழமை போலீஸ்காரன் வாயால கேக்கறதைவிட உன் வாயாலயே கேக்கட்டும். வண்டிக்காரங்களும் பாவம், அவங்க முறைக்குக் காத்துட்டு நிக்கறாங்க."

அந்த நேரம் பார்த்து சென்னகிருஷ்ணனின் வண்டி வந்தது. முனிலட்சுமி அதை நிறுத்தினாள். முனிவேல் தமுக்கை இறக்கி மூன்று தட்டுத் தட்டினான். தெலுங்கு எழுந்ததும் அவள் தலை திரும்பியது. குழாயடி முடிந்தது, இடப்பக்கம் முடிந்தது. லாந்தர் விதியைச் சொன்னதும் கையை நீட்டி அவனை நிறுத்தினாள். அதன்பின் அவர்கள் பேசியது எல்லாம் தெலுங்கில்தான்.

"இன்னொருக்கா சொல்லு."

சொன்னான்.

"எல்லா வண்டிக்குமா?"

"எல்லா வண்டிக்கும்தான், அக்கா."

"எண்ணெய் தீந்துபோச்சுன்னு சொன்னா?"

"உடமாட்டாங்க."

"யாரு குனிஞ்சு பாப்பாங்க?"

"போலீசு பாக்கும்."

கையிலிருந்த லாந்தரைத் தாழ்த்தினாள். பிறகு கேட்டாள். "அப்ப நான் வீட்டுக்குப் போலாமா?"

போகலாம் என்று அவன் தலையை ஆட்டினான். அவள் சென்னகிருஷ்ணன் வண்டியடியில் குந்தி, தன் லாந்தரைக் கட்டி, முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். முனிவேல் நாலாவது விதியை உடைந்த குரலில் சொல்லி முடித்தபோது அவள் வீட்டுப் பக்கம் பாதி தூரம் போய்விட்டிருந்தாள். சாலையின் இடப்பக்கமாகவே நடந்தாள்.

திங்கட்கிழமை காலை போலீஸ்காரர் ஒருவர் முச்சந்திக்கு வந்தார். நானும் வேலை இருப்பதுபோல் அங்கே போயிருந்தேன். யாரைப் பிடிக்க வந்தாரோ அவள் அங்கே இல்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்றவர், பிறகு வருகிற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி, பட்டப்பகலில் ஒவ்வொன்றின் அடியிலும் குனிந்து லாந்தர் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார். அவரை யாரும் பைத்தியம் என்று சொல்லவில்லை.