டீச்சருக்கு ஒரு கொள்ளைக்காரத் தொப்பி

தபால் ஆபீசில் அவரை ‘மின்னல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கடிதக் கட்டை இடது கையில் ஏந்திக்கொண்டு, ஊர்வாரியாகப் பிரித்த மரக்கட்டங்களுக்குள் வலது கையால் வீசிப் போடுகிற வேகத்துக்கு அந்தப் பெயர். ஐம்பத்திரண்டு வயதில் ஒருநாள் காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அந்த வலது கையிலிருந்து பிரஷ் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம்.

எட்டு மாதத்தில் கால் ஓரளவு வழிக்கு வந்தது. கை வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு பேச்சு குழறியது. பார்க்க வந்தவர்கள் அவர் எதிரிலேயே மனைவியிடம், “எப்படி இருக்கார்?” என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அவர் வாசற்படியைத் தாண்டுவதையே விட்டுவிட்டார்.

மனைவி மழலையர் பள்ளியில் டீச்சர். இந்த வருஷ ஆண்டு விழாவில் டீச்சர்கள் நடிக்க, பிள்ளைகள் பார்ப்பது என்று முடிவாகி, கடற்கொள்ளைக் கூட்டத் தலைவி வேஷம் அவள் தலையில் விழுந்தது. வீட்டுக்குள் நுழைந்தவள் தோள்பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

“எனக்கு ஒரு தொப்பி வேணும். மூணு பக்கமும் மடிச்சுவிட்டு, மேல இறகு வெச்சது. செஞ்சு தரீங்களா?”

அவர் தன் வலது கையைக் கண்ணால் காட்டினார்.

“அது பாட்டுக்கு ஓய்வெடுக்கட்டும். இன்னொண்ணு சும்மாத்தானே இருக்கு?”

முதலில் தலை அளவு. நூலின் ஒரு முனையை அவளையே நெற்றியில் அழுத்திப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையை இடது கையால் மெல்லச் சுற்றிக்கொண்டு வந்தார். இத்தனை நாளும் அவள்தான் அவரைத் தொட்டாள், குளிப்பாட்டவும் சட்டை மாட்டவும். அவராக அவளைத் தொட்டது அன்றைக்குத்தான்.

பழைய காலண்டர் அட்டை, கறுப்புச் சார்ட் பேப்பர், பரிசுப் பெட்டி ஒன்றின் தங்க நிற மூடி, ஒரு டப்பா வெள்ளைப் பசை. இவ்வளவுதான் சரக்கு. கத்தரிக்கோல் முதல் நாளே காலை வாரியது. வலது கைக்காரர்களுக்கென்று செய்த கத்தரி இடது கையில் வாய் பிளந்தது. காகிதம் வெட்டுப்படாமல் நடுவில் மடிந்துகொண்டது. எரிச்சலில் அதைத் தூக்கி மூலையில் எறிந்தார். அரை மணி நேரம் கழித்து, இஸ்திரிப் பெட்டியைக் காகிதத்தின் மேல் ஏற்றிவைத்து, இரும்பு ஸ்கேலைக் காலால் மிதித்துக்கொண்டு பிளேடால் கீறினார். வெட்டு நேராக வந்தது. ஒட்டிய இடங்களைத் துணி க்ளிப்புகள் கவ்விக்கொண்டன. இறகுக்கு வெள்ளைக் காகிதத்தின் ஓரத்தை ஒவ்வொரு கீற்றாகக் கிழித்தார். அதற்கு மட்டும் இரண்டு நாள் பிடித்தது.

இடையில் டீச்சரின் தம்பி ஒரு நெகிழிப் பையோடு வந்து, அக்காவிடம் சமையலறையில் கிசுகிசுத்தான்.

“கடையில நல்லதாவே கிடைச்சுது. மாமா செய்யறது சரியா வரலைன்னா என்ன பண்ணுவே? எதுக்கும் இருக்கட்டும்.”

அவள் பையைப் பீரோ மேல் தள்ளிவைத்தாள். அவர் பார்த்தார். பார்க்காத மாதிரி பசையைக் கிளறினார்.

விழா அன்று காலை தொப்பியை எடுத்து அணிந்துகொண்டபோதுதான் வம்பு வந்தது. தலையில் சிவப்புத் துணி கட்டி அதன் மேல்தான் தொப்பி என்று முந்தின நாள் ஒத்திகையில் மாற்றிவிட்டார்களாம். துணியின் முடிச்சோடு தொப்பி இறங்க மாட்டேன் என்றது.

“பீரோ மேல... இருக்கே,” என்றார் அவர். “அதை... போட்டுக்கோ.”

அவள் முகம் சிவந்தது. “தெரியுமா உங்களுக்கு? அது என் தலையில கவுத்த வாளி மாதிரி இருக்கு. எனக்கு இதுதான் வேணும்.”

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பின்பக்க மடிப்பைப் பிரித்து, உட்பட்டையைக் கீறி, இடைவெளியில் எலாஸ்டிக் துண்டு ஒன்றை வைத்து ஒட்டினார். மடிப்பை மறுபடி பசை தடவி அமுக்கினார். அங்கே க்ளிப் போட்டால் தங்க அட்டையில் பல் பதிந்துவிடும். விரலால்தான் பிடித்தாக வேண்டும்.

“எவ்வளவு நேரம் பிடிக்கணும்?”

“முக்கால் மணி.”

“பத்து மணிக்கு நாடகம். கையை எடுத்தா?”

“பிரிஞ்சிடும்.”

“அப்ப நீங்களும் கிளம்புங்க.”

மறுத்துச் சொல்ல நேரமில்லை. இருந்த ஒரே கையும் தொப்பியில் மாட்டிக்கொண்டிருந்தது. அவளே பேன்ட் மாட்டிவிட்டாள், சட்டையைத் தோளில் போர்த்திப் பொத்தான் போட்டாள், தலை வாரிவிட்டாள். ஆட்டோவில் ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் கட்டைவிரல் இன்னும் அழுந்தியது. எட்டு மாதத்துக்குப் பிறகு வெளியே வந்தவர் தெருவைப் பார்க்கவே இல்லை.

மேடையின் பக்கவாட்டில், திரை ஓரமாக, அவள் பெயரைக் கூப்பிடும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். விட்டார். மடிப்பு நின்றது.

கத்திச் சண்டையில் இறகுதான் கழன்று பறந்தது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். தலைவி அட்டைக் கத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இறகைப் பொறுக்கிக் காதில் செருகி, “என் கோழியை உரிச்சது எவன்டா?” என்று உறுமினாள். வசனத்தில் இல்லாத வரி. அவர் வாய் விட்டுச் சிரித்தார். கோணல் வாயை மூடிக்கொள்ள மறந்துபோயிற்று.

நாடகம் முடிந்து தொப்பியைக் கழற்றினால், வரவில்லை. உள்ளே ஈரமாக இருந்த பசை, துணியையும் பின்கழுத்து முடியையும் சேர்த்துப் பிடித்திருந்தது.

“இழுக்காதீங்க, வலிக்குது! வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்.”

பஸ் நிறுத்தம்வரை அப்படியே நடந்தார்கள். அவர் காலை இழுத்து இழுத்து வந்தார். கடைக்காரர்களும் ஸ்கூட்டர்காரர்களும் திரும்பித் திரும்பிப் பார்த்தது தொப்பியைத்தான். பஸ்ஸில் ஒரு பெண்மணி கேட்டேவிட்டாள்.

“எங்கம்மா வாங்கினது?”

டீச்சர் கணவர் பக்கம் திரும்பினாள்.

“நான்... செஞ்சது,” என்றார் அவர். சொல்லி முடிக்கும்வரை அந்தப் பெண்மணி காத்திருந்தாள்.

வீட்டில் எண்ணெய் தடவி, முடியை இழை இழையாக விடுவிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அடுத்த மாதம் அவர் வேலைக்குத் திரும்பினார். கட்டங்களுக்கு முன்னால் இனி நிற்க முடியாது என்பது அவருக்கே தெரியும். தபால் ஆபீசில் விசாரணை ஜன்னலைக் கொடுத்தார்கள். பேச்சுதான் அங்கே வேலை. அவர் ஒத்துக்கொண்டார்.