அறுநூறு நாள் நிற்காத சர்வர்

திருமழிசை தொழிற்பேட்டையில், காருக்கு அலுமினிய உதிரிபாகம் வார்க்கும் ஒரு கம்பெனியின் சர்வர் கம்ப்யூட்டரை அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். யூனிக்ஸ் வகை. வாரத்துக்கு இரண்டு நாள் ஆவடியிலிருந்து பைக்கில் போவேன். அங்கே இருந்த ஒருவருக்கும் அதைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. மேனேஜருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." இதற்கு மிக்ஸி ரிப்பேர்க்காரனைக் கூப்பிட்டிருக்கலாமே என்று மனசுக்குள் திட்டிக்கொள்வேன்.

நான் அதை ஆஃப் பண்ணியதே இல்லை. அறுநூறு நாளுக்கு மேல் நிற்காமல் ஓடியது. எத்தனை நாள் ஓடுகிறது என்று திரையில் வரும் எண்ணைப் போட்டோ எடுத்து, என்னைப் போன்ற சர்வர்க்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டுப் பீற்றிக்கொள்வேன். ஒருமுறை டிஸ்க் நிரம்பியபோதுகூட, ஓடுகிற மெஷினிலேயே புது டிஸ்க்கைச் செருகி, ஒரு கமாண்டில் இணைத்து, சரக்கோடு போகிற டெஸ்ட் ரிப்போர்ட் ஃபைல்களை அதற்கு மாற்றினேன். ஒருவருக்கும் வேலை நிற்கவில்லை. நான் செய்தது ஒருவருக்கும் தெரியவும் இல்லை. தெரிந்திருந்தால் மட்டும் என்ன புரிந்துவிடப்போகிறது!

ஆயுத பூஜை வந்தது. மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, மெயினை அணைத்து, நாலு நாள் லீவு விடுவது அங்கே வழக்கம். சர்வரை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன்.

"அதுவும் மிஷின்தானே சார், அதுக்கு ரெஸ்ட் வேணாமா?" என்றார் மேனேஜர்.

வேறு வழியில்லாமல், அதை நிறுத்த அடிக்கவேண்டிய கமாண்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி சர்வர்மேல் ஒட்டிவிட்டு வந்தேன். செய்யவேண்டியவர் எலக்ட்ரீஷியன். பூந்தமல்லியிலிருந்து காண்ட்ராக்டில் வருபவர், ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் சிலுவை டாலர். இவர் எதைப் படித்து எதை அடிக்கப்போகிறார் என்று எனக்கு இளக்காரம்.

லீவு முடிந்த அன்று காலை போன் வந்தது. சர்வர் எழுந்துவிட்டது, ஆனால் டெஸ்ட் ரிப்போர்ட் ஃபோல்டர் காலி. ரிப்போர்ட் இல்லாமல் சரக்கு வெளியே போகாது, வாசலில் லாரி நிற்கிறது. நான் போனபோது சர்வர் முகப்பில் குங்குமம், பக்கத்தில் வாடிய சாமந்தி, கீழே சிந்திய பொரி. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உட்காரக்கூட இல்லை.

"மெயினைப் பட்டுனு புடுங்கியிருப்பாரு. ஃபேன்னு நெனச்சாரா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"இல்ல சார்," என்றார் எலக்ட்ரீஷியன். "நீங்க ஒட்டிக்கினு போன பேப்பர பாத்து ஒண்ணொண்ணா அட்ச்சேன் சார். அதுல லைட்டெல்லாம் அணைஞ்சப்புறந்தான் மெயினாண்டயே போனேன்."

"பேப்பர பாத்து அடிச்சா நீ இன்ஜினியராய்யா?" என்றார் மேனேஜர். "சார் பாக்கட்டும். உன் தப்புன்னா இன்னிக்கோட நீ கெளம்பு. போய் கேட்டாண்ட நில்லு."

பிறகுதான் நான் உட்கார்ந்தேன். சர்வர் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் குறிப்பு லாக். அதைத் திறந்தேன். பூஜையன்று மாலை ஒவ்வொன்றாக மூடி, டிஸ்க்குகளின் இணைப்பை விடுவித்து, முறையாக நின்றிருந்தது. நான் எழுதிக்கொடுத்த வரிசையில் ஒன்றுகூடப் பிசகவில்லை. லீவு முடிந்து எழுந்தபோது புது டிஸ்க் மட்டும் திரும்ப இணையவில்லை. மெஷின் எழும்போது எந்தெந்த டிஸ்க்கை இணைக்கவேண்டும் என்று பார்க்கும் ஒரு கோப்பு உண்டு. டிஸ்க்கைச் செருகிய அன்றே அதில் ஒரு வரி சேர்த்திருக்கவேண்டும். நான் சேர்க்கவில்லை. வேலை பழகவந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு. நிறுத்தாமலே ஓட்டியதால் அது வெளியே வரவில்லை.

கமாண்டை அடித்தேன், ஃபைல்கள் வந்தன. அந்த வரியையும் சேர்த்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. லாரி கிளம்பியது. "சார் இல்லாட்டி நாறிப்போயிருக்கும்" என்று மேனேஜர் டீ வரவழைத்தார். இந்த ஆள் புகழ்கிற நிலைக்கு வந்துவிட்டேனே என்று அருவருப்பாக இருந்தது. டீயைக் குடித்தேன்.

"அவன் பட்டுனு புடுங்குனதுதானே சார்? காண்ட்ராக்டருக்கு மெயில் போடணும்."

அந்தக் கட்டடத்தில் அந்த லாக்கைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"ஆமா சார்," என்றேன்.

பைக்கை எடுத்துக்கொண்டு வந்தபோது எலக்ட்ரீஷியன் கேட் அருகே அப்படியே நின்றிருந்தார். "ஃபைலெல்லாம் வந்துட்ச்சா சார்?" என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். "நல்ல வேளை சார்," என்றார்.

அடுத்த வாரம் அவர் இடத்தில் வேறொருவர் இருந்தார். லாக்கை நான் அழிக்கவில்லை. அழிக்கவேண்டிய அவசியமும் இல்லை. நாலு வாரம் ஆனால் பழைய லாக் தானாக அழிந்துபோகும்படி நான்தான் அமைத்துவைத்திருந்தேன். அந்த நாலு வாரமும், போகும்போதெல்லாம் அந்த வரிகளைத் திறந்து பார்த்தேன். யாரிடமும் காட்டவில்லை. ஐந்தாவது வாரம் தேடினேன், இல்லை. அப்பாடா என்றிருந்தது.