நீலத் தீயும் என் விளக்கமும்

கேஸ் அடுப்பு ரிப்பேர்க்காரனை யாரும் சந்தோஷமாகக் கூப்பிடுவதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் நான் அந்த வேலை பார்த்தேன். வேதியியல் படித்திருந்ததால் ரிப்பேரோடு விளக்கமும் கொடுப்பேன். அதில் மாட்டியவர்களில் நீங்களும் இருந்தால் மன்னிக்கவும்.

மஞ்சள் தீ

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாமி வீட்டில் தீ மஞ்சளாக எரிந்து பாத்திரமெல்லாம் கரி. பர்னருக்குக் காற்று போகும் துவாரத்தில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. சுத்தம் செய்துவிட்டு ஆரம்பித்தேன். ஆக்ஸிஜன் போதுமான அளவு சேர்ந்தால் கேஸ் முழுசாக எரிந்து கரியமில வாயுவும் நீராவியும் ஆகிவிடும், குறைந்தால் பாதி எரிந்த கரிதான் பாத்திரத்தில் ஒட்டுகிறது என்றேன். மாமி பால் பாத்திரத்தோடு நின்றுகொண்டே இருந்தார்.

"தீ நீலமாயிடுத்து. நீங்க கொஞ்சம் நகர்ந்தேள்னா பாலை வெச்சுடுவேன்."

டீ கிளாஸ்

ஏனாத்தூர் டீக்கடைக்காரர் காற்றுக்குப் பயந்து அடுப்பைச் சுற்றித் தகரம் அடைத்திருந்தார். தீ திணறியது. தகரத்தை எடுக்கச் சொன்னால் கேட்கவில்லை. உடனே மெழுகுவத்தி ஏற்றி, அவருடைய கிளாஸையே அதன்மேல் கவிழ்த்தேன். டீ குடிக்க வந்த காலேஜ் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். உள்ளே ஆக்ஸிஜன் குறைந்து தீ அணைந்தது. கூடவே கிளாஸும் விரிசல் விட்டது.

"தீ ஏன் அணைஞ்சிதுன்னு புரிஞ்சுது பா. கிளாஸ் ஏன் போச்சின்னு அதையும் சொல்லிட்டு போ."

வாசனை இல்லாத புகை

ஒரு மழைநாளில் நெசவுக்காரர் வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். பிரசவத்துக்கு வந்து பிள்ளை பெற்றிருந்த மகளுக்குத் தலைசுற்றல். கேஸ் கசிகிறதோ என்று பயம். டியூபில் சோப்புத் தண்ணீர் தடவினேன், குமிழி வரவில்லை. கிளம்பும்போதுதான் அவள் குழந்தையோடு படுத்திருந்த அறையைப் பார்த்தேன். குளிருக்காக ஜன்னலெல்லாம் சாத்தி, நடுவில் கரியடுப்பு கனன்றுகொண்டிருந்தது.

கார்பன் மோனாக்ஸைடு, மூடிய அறையில் கரி எரிந்தால் வரும் விஷவாயு, வாசனையே இருக்காது என்று ஆரம்பித்தேன். பச்சை உடம்புக்குக் குளிர்காற்று ஆகாது என்று அவளுடைய அம்மா ஜன்னலை மறித்து நின்றார். குழந்தை அழக்கூட இல்லாமல் துவண்டு கிடந்தது. விளக்கத்தைப் பாதியில் விட்டேன். அடுப்பை வெறுங்கையால் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினேன். திரும்பி வந்து, தாயையும் பிள்ளையையும் தறி போட்டிருந்த கூடத்துக்கு மாற்றவைத்து, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இருவரும் பிழைத்தார்கள். கை வெந்து நான் வீட்டில் கிடந்தபோது அந்த அம்மா பார்க்க வந்தார்.

"நீ சொன்னது ஒன்னும் புரியல பா. அடுப்ப தூக்கினு ஓடுன பாரு, அப்பதான் புரிஞ்சுது."

எரிவதைப் பற்றி என்னைப்போல் நீங்களும் விளக்க ஆசைப்பட்டால், முதலில் ஜன்னலைத் திறந்துவிடுங்கள், கேட்கிறவர்களுக்கும் கொஞ்சம் காற்று வேண்டியிருக்கிறது.