இருபத்தாறு கைநாட்டு

கொடைரோடு செபஸ்தியான் ஐந்து வருஷம் சாராயம் குடித்தவர். விட்டு எட்டு வருஷம் ஆகியிருந்தது. பகலில் மல்லிகைத் தோட்டத்தில் வேலை. பொழுது சாய்ந்ததும், குடியை விட நினைக்கிறவன் வீட்டுக்குப் போய் எதிரே உட்கார்ந்துகொள்வார். புத்திமதியெல்லாம் கிடையாது. "நானும் குடிச்சவந்தான் அப்பு" என்று சொல்லித் தரையில் ஆடுபுலிக் கட்டம் போடுவார். சாராயம் காய்ச்சும் ஓடைப்பக்கம் கால் இழுக்கிற அந்த இரண்டு மணி நேரத்தைக் கடத்திவிட்டால் அன்றைக்குத் தப்பித்தான். இப்படியே இருபத்தாறு பேரைக் கரையேற்றியிருந்தார்.

1958இல் சர்க்கார் மதுவிலக்குப் பிரசாரகர் வேலைக்கு ஆள் எடுத்தது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியும் நன்னடத்தைச் சான்றும்தான் தகுதி. எட்டு படித்த செபஸ்தியானுக்கு ஆசை பற்றிக்கொண்டது. சர்க்கார் ஆளாகிவிட்டால், மாமனார் வீட்டில் இன்னமும் ஒட்டிக்கொண்டிருந்த 'குடிகார மாப்பிள்ளை' என்ற பேர் ஒழியும்.

சான்று கொடுக்கப் பெரிய மனிதர் யாரையும் அவருக்குத் தெரியாது. கடைசியாகக் குடியை விட்ட நாச்சிமுத்துதான் வழி சொன்னான். "நாங்க இம்புட்டுப் பேரு இருக்கையில வேற யாருகிட்டப் போறீக அண்ணே?"

'இவரால் போன வருஷம் குடியை விட்டேன்', 'இவரால் போன தையில் விட்டேன்' என்று ஒரே தாளில் எழுதி, பேரும் ஊரும் போட்டு, இருபத்தாறு பேரும் கைநாட்டு வைத்தார்கள். அதில் என்ன வில்லங்கம் இருக்கிறதென்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. செபஸ்தியானுக்கும்தான்.

திண்டுக்கல்லில் இன்டர்வியூ. தாளைப் படித்த தலைமை அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. "இந்த மாதிரி ஆள்தான் வேணும்."

பக்கத்திலிருந்த போலீஸ் அதிகாரி எட்டிப் பார்த்தார். "நமக்கும் நல்லதாப் போச்சு சார். மதுவிலக்கு அமல்ல இருக்கையில குடிச்சோம்னு இருபத்தாறு பேரு எழுதியே குடுத்திருக்கானுக. ஒவ்வொருத்தனாத் தூக்கிட்டு வந்து விசாரிச்சா, காய்ச்சுறவன் அம்புட்டுப் பேரும் சிக்குவான்."

செபஸ்தியான் மேசைப் பக்கம் ஓரடி முன்னால் வந்தார்.

"அய்யா, அது அம்புட்டும் பொய்ங்கய்யா. வேலை கிடைக்கட்டும்னு நானே எழுதி, என் பெருவிரலையே வச்சேன்."

"இருபத்தாறும்?"

"இருபத்தாறும்."

தலைமை அதிகாரி தாளைப் பார்த்தார். ஒரு ரேகை சிறியது, ஒன்று பெரியது, ஒன்றில் குறுக்கே அரிவாள் வெட்டுத் தழும்பு. பிறகு செபஸ்தியானின் கையைப் பார்த்தார். தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"பொய்ச் சான்று கொண்டுவர்ற ஆளுக்கு இங்க வேலை இல்ல. போகலாம்."

ரயிலில் வரும்போது அழுகை வந்தது, அழுதார். பொழுது சாய நாச்சிமுத்து வீட்டில் இருந்தார்.

"வேலை என்னண்ணே ஆச்சு?"

"நன்னடத்தை பத்தலயாம் அப்பு. நீ ஆட்டை வையி."