மன்மத வருஷத்துக் கிரகணம்

என் நாத்தனார் அம்சத்தைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் எழுத வேண்டும். மேலுதடு பிளந்து பிறந்தவள். ஊரில் மூளி என்பார்கள். அந்த வாயை வைத்துக்கொண்டு அவள் பேசிய பேச்சை, பாபநாசம் வட்டாரத்தில் நல்ல உதடு வாய்த்த ஒருத்தியும் பேசியதில்லை.

நான் அவள் அண்ணன் வீரையனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தது எழுபத்தெட்டில். அம்சம் அஞ்சாவது வரை படித்துவிட்டு நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தாள். வேலை இல்லாத நாளில் இரண்டு மைல் நடந்து பாபநாசம் கிளை நூலகத்துக்குப் போவாள். நூலகர் ஜெகபர் அலி நல்ல மனுஷர். சேற்றுக் காலோடு வந்தாளே என்று ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. கதைப் புத்தகம் கொண்டுவருவாள் என்று பார்த்தால், வருவதெல்லாம் வானத்தைப் பற்றிய புத்தகம். படித்ததை நடவு வயலில் குனிந்தபடியே எங்களுக்குச் சொல்வாள்.

"ஆதியில வானமே கெடையாதாம் அண்ணி. எடமும் கெடையாது, நேரமும் கெடையாது. எல்லாம் ஒரு புள்ளிக்குள்ள அடங்கிக் கெடந்து, அப்புறம் விரிஞ்சுச்சாம். இன்னமும் விரிஞ்சுகிட்டேதான் இருக்காம்."

"எடமே இல்லன்னா நம்ம காரியக்காரர் எந்த வரப்புல நின்னு அதட்டுனாரு?" என்று நான் கேட்பேன். நடவு வரிசை முழுக்கச் சிரிக்கும். வரப்பில் நிற்கிற காரியக்காரருக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாது. ஆனாலும் அதட்டுவார்.

ஒரு நாள் களத்தில் ஒரு பரங்கிக்காயை வைத்து, "இதான் சூரியன்" என்றாள். அங்கிருந்து நாற்பது எட்டு நடந்து ஒரு கொத்தமல்லி விதையை வைத்தாள். அது பூமியாம். விதைக்கு நாலு விரல் தள்ளி ஒரு கசகசா. அது நிலா. "இந்தக் கசகசா குறுக்க வந்து நிக்கிறதுதான் அண்ணி சூரிய கிரகணம். அது எப்ப வரும், எப்ப வந்துச்சுன்னு எல்லாத்தையும் கணக்குப் போட்டுடலாம்." கசகசாவின் நிழலுக்குப் பயந்தா இத்தனை பேர் பட்டினி கிடக்கிறோம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

என் மாமியார் காளியம்மாள் அறுப்புக்கு வருவார், ஆனால் அரிவாளைத் தொடமாட்டார். மற்றப் பெண்கள் அறுப்பார்கள். அவர் ஆம்பளைகளோடு சேர்ந்து கட்டுத் தூக்குவார். கழுத்து முறிகிற வேலை. அதைவிட எனக்கு வினோதமாகப் பட்டது இன்னொன்று. பெற்ற மகளின் முகத்தை நேராகப் பார்த்து அவர் பேசவே மாட்டார். சோறு போட்டால் தட்டைப் பார்ப்பார், தலை வாரினால் பின்னலைப் பார்ப்பார்.

"அம்மாவுக்கு என்மேல கோவம் இல்ல அண்ணி. அவங்கமேலயே கோவம்" என்று ஒரு நாள் அம்சம் சொன்னாள். "கிரகணத்தன்னிக்கு அரிவாளத் தொட்டாங்களாம். அதான் என் உதடு இப்படி ஆச்சாம். ஒரு தடவையாச்சும் என் மூஞ்சியப் பாத்துட மாட்டாங்களான்னு இருக்கு."

அத்தை ஆசைப்பட்டா தொட்டார்? அன்றைக்குப் பண்ணை வீட்டில் தங்கள் பெண்களை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆனால் மாட்டுக்குப் புல் வேண்டுமே! சூலியான அத்தையை விரட்டினார்கள். மனைப்பட்டா வராத காலம். குடிசை நின்ற தரையும் பண்ணைக்குச் சொந்தம். மாட்டேன் என்றால் பொழுது சாய்வதற்குள் குடிசையைப் பிரிக்க வேண்டியதுதான். அப்புறம் அம்சம் பிறந்ததும், புல்லறுக்க அனுப்பிய அதே பண்ணையாரம்மா குழந்தையைப் பார்த்துவிட்டு, "கிரகணத்துல அரிவாள் எடுத்தியாடி?" என்று கேட்டாளாம். அத்தை, "ஆமாங்கம்மா" என்றாராம். நீங்கள்தானே அனுப்பினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எண்பதாம் வருஷம் பிப்ரவரியில் சூரிய கிரகணம் வந்தது. வடக்கே முழுசாக மறையும், நம் பக்கம் பெரும்பகுதி மறையும் என்று ரேடியோவில் சொன்னார்கள். எனக்கு அஞ்சு மாதம். மத்தியானமே அத்தை என்னைக் குடிசைக்குள் உட்காரவைத்துக் கதவு இடுக்கிலெல்லாம் சாக்கைத் திணித்துவிட்டார். அரிவாள்மணை, ஊசி எல்லாவற்றையும் பரணில் போட்டார். அதுவும் போதாதென்று என் இரண்டு கைகளையும் தன் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அப்போது அம்சம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு நோட்டுத் தாள்.

"அம்மா, நீ புல்லறுக்கப் போனியே, அந்தக் கிரகணம் எந்த மாசம்?"

"இப்ப எதுக்குடி அது?" அத்தை தரையைப் பார்த்துச் சொன்னார்.

"சொல்லும்மா."

"ஆனி. ஆத்துல தண்ணி வந்த சமயம். காலையில வரப்புல அறுத்துகிட்டு இருக்கையில மங்கிப்போச்சு. கோழியெல்லாம் திரும்பப் போயி அடைஞ்சுடுச்சு."

"புஸ்தகத்துல பழைய கிரகணமெல்லாம் தேதியோட போட்டிருக்கு. ஜெகபர் அலி சார் பழைய பஞ்சாங்கத்தத் தேடி எடுத்து ஒத்துப் பாத்துக் குடுத்தாரு. நீ சொல்ற கிரகணம் வந்தது மன்மத வருசம், ஆனி மாசம், திங்கக்கெழம காலை. நான் ஒன் வயித்துல இருந்தப்ப நம்ம ஊருக்குச் சூரிய கிரகணமே இல்ல."

"புஸ்தகத்துக்கு என்னடி தெரியும்? சுமந்தவ நான்."

அம்சம் அவர் எதிரில் உட்கார்ந்தாள். "சரி, நீயே சொல்லு. அந்த மன்மத வருசம் கார்த்திகையில என்ன வந்துச்சு?"

"புயலு."

"புயல்ல யாரத் தூக்கிகிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுன?"

"ஒங்கண்ணனத்தான். ரெண்டு மாசப் பச்சப் புள்ள, துணியச் சுத்தி..." அத்தை நிறுத்திவிட்டார்.

என் கையை விட்டுவிட்டு விரலை மடக்க ஆரம்பித்தார். கார்த்திகை, ஐப்பசி, புரட்டாசி. புரட்டாசியில் வீரையன் பிறந்தார். அதற்கு முன்னால் ஆவணி, ஆடி, ஆனி. ஆனியில் ஆறு மாதம். கிரகணத்தன்று வயிற்றில் இருந்தது வீரையன்! என் புருஷன் உதட்டில் ஒரு கீறல் கிடையாது. அம்சம் பிறந்தபோது அவர் தத்தக்கா பித்தக்கா என்று நடந்துகொண்டிருந்தார் என்பதை அத்தையே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஆனாலும் இரண்டையும் அவர் சேர்த்துப் பார்த்ததில்லை. வீட்டில் காலண்டர் இல்லை. நல்லபடியாகப் பிள்ளை பிறந்தால் யாரும் கிரகணத்தைப் பற்றிக் கேட்பதுமில்லை. அம்சத்துக்குத்தான் கேட்டார்கள். கேட்டதும் அத்தை அந்த ஆனி மாதத்தை இழுத்து வந்து அவள்மேல் போட்டுவிட்டார்.

வெளியே வெயில் மங்கிவிட்டது. சாக்கு இடுக்கில் வந்த வெளிச்சம் சாம்பலாக இருந்தது. அத்தை விரல்களை மறுபடி மறுபடி மடக்கினார். ஆவணி, ஆடி, ஆனி. ஆவணி, ஆடி, ஆனி.

"அப்ப ஒனக்கு நான் ஒண்ணும் செய்யலியாடி?"

"ஒண்ணும் செய்யலம்மா. நீ ஒண்ணுமே செய்யல."

அத்தை தலையைத் தூக்கினார். முதலில் அவள் கண்ணைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வையைக் கீழே இறக்கி, சுட்டுவிடுமோ என்பதுபோல ஒரு விரலை நீட்டி, அந்த உதட்டின் பிளவில் வைத்தார். பிரசவம் ஆன அன்றைக்கே பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டிருக்க வேண்டியதை, இருபத்திரண்டு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் கேட்டார்.

"வலிக்குதா தங்கம்?"