பச்சையாகவே எரிந்த விளக்கு

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். நடுவர் நாற்காலி உங்களுக்கு வேண்டாம். தீர்ப்புச் சொல்பவர்களைக் கல்லூரி மேடைகளில் நான் நிறையப் பார்த்துவிட்டேன். எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து, என் தங்கை உட்கார்ந்திருக்கும் பாயின் ஓரத்தில் சற்று நில்லுங்கள். எதிரே மர அலமாரி. அதன் மேல்தட்டில் நான் பேச்சுப் போட்டிகளில் வென்ற கோப்பைகள். அவற்றின் நடுவே இரண்டு கொம்புகளை நீட்டிக்கொண்டு இணைய ரூட்டர். பிளக் பாயிண்ட் அந்தச் சுவரில்தான் இருக்கிறது என்பதால் அம்மா அதை அங்கே வைத்தார். அதில் எரியும் விளக்குகளின் நிறத்தை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சை. இதற்குப் பிறகு நான் யாரிடம் என்ன சொன்னாலும், அவை பச்சையாகத்தான் எரிந்தன என்பதற்கு நீங்களே சாட்சி.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டிலிருந்து பரமத்தி வேலூர் போகும் வழியில், சாலையை விட்டுச் சற்று உள்ளே இருக்கிறது. தெருவுக்கு இரண்டு வீட்டிலாவது ஆண்கள் ரிக் வண்டியில் போயிருப்பார்கள். ஆழ்துளைக் கிணறு தோண்டும் அந்த வண்டிகள் நாடு முழுவதும் அலைபவை. என் அப்பா அப்படியொரு வண்டியில் டிரில்லர். கடந்த கோடையில் அவருடைய வண்டி மத்தியப் பிரதேசத்தில் ஒரு பெரிய பண்ணைக்குள் நின்றிருந்தது. வரிசையாகப் பல கிணறுகள் போட வேண்டியிருந்ததால் வாரக்கணக்கில் அங்கேயே தங்கல். அப்பாவின் கைப்பேசிக்கு அங்கே டவர் கிடைக்கவில்லை. பண்ணைக்காரர் வீட்டு வைஃபை மட்டும் அவர்கள் படுத்திருந்த கூடாரம்வரை எட்டியது.

அந்த வைஃபை வழியாக அப்பாவும் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் தங்கையும் ஒவ்வொரு மாலையும் ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் சந்தித்துக்கொண்டார்கள். சாதாரணமாக அழைத்துப் பேசினால், "சாப்பிட்டேன், நல்லாருக்கறேன், வெக்கட்டுமா?" என்று முடித்துவிடுபவர் அவர். விளையாட்டுக்குள் வந்துவிட்டால் வாய் ஓயமாட்டார். அம்மா அடுப்படியில் இருந்தபடியே அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பார். இணைய விளையாட்டு இளைஞர்களைச் சீரழிக்கிறது என்ற தலைப்பை ஆதரித்துப் பேசி நான் வாங்கிய கோப்பை, ரூட்டருக்கு வலப்பக்கத்தில் நிற்கிறது. அந்தப் பேச்சின் ஒரு வரியையும் திரும்பப் பெற நான் இன்றும் தயாரில்லை. ஆயினும் அப்பாவின் குரல் எங்கள் வீட்டுக்கு வரும் வழி அதுவாக இருந்ததால், மாலை வேளைகளில் நான் மௌனம் காத்தேன்.

அன்றும் அப்படித்தான் ஏதோ ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, படிக்காமல், கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்பா, பின்னால பாருங்க! பின்னால!"

"எங்க சாமி? ஒண்ணும் தெரியலியே."

"ரோட்டு நடுவுல தேர் நிக்கறாப்பல நின்னா எப்படித் தெரியும்? அந்த ஊட்டுக்குள்ள ஓடுங்க."

"ஓடறேன், ஓடறேன். உங்கம்மா வெரட்டற மாதிரியே வெரட்டறயே நீயும்."

"நானு எப்பங்க வெரட்டுனேன்?" என்று அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்.

அது அப்பாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். சிரித்தார். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் அந்தச் சத்தம் வந்தது. ஏதோ வெடித்த சத்தம். அதையொட்டி, "ஏய்!" என்று எவரோ ஒருவரின் அலறல். பிறகு ஒன்றுமில்லை.

ரிக்காரர் வீட்டில் வளர்ந்தவனுக்கு வெடிச் சத்தம் என்றால் என்னவென்று தெரியும். கம்ப்ரஸரிலிருந்து காற்றைக் கொண்டுபோகும் தடித்த ரப்பர் ஹோஸ் வெடித்தால், அது பாம்பைப்போலத் துள்ளி எதிரில் நிற்பவரை அடித்துப்போடும். பாதித் துளையில் இரும்பு ராடு நழுவினால் என்ன ஆகும் என்றும் தெரியும். அந்த நேரத்தில் அடுத்த சிஃப்ட் ஆட்கள் வண்டியில் துளை போட்டுக்கொண்டிருப்பார்கள். கூடாரம் வண்டிக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது.

"அப்பா? அப்பா, கேக்குதுங்களா?" என்றாள் தங்கை.

"நெட்டு போயிருச்சு" என்றேன்.

"போகல. நான் ஓடறேன் பாரு. எல்லாரும் ஓடறாங்க. அப்பா மட்டுந்தான் நிக்கறாரு."

குனிந்து பார்த்தேன். திரையில் அப்பாவின் உருவம் வெட்டவெளியில், துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு, அசையாமல் நின்றது. அதன் தலைக்குமேல் அவர் தமக்கு வைத்துக்கொண்ட பட்டப்பெயர் மிதந்தது. தங்கை தன் உருவத்தை ஓட்டிவந்து அவருக்கு அருகே நிறுத்தி, நான்கு பக்கமும் திரும்பித் திரும்பிக் காவல் காத்தாள்.

எதிர்த்தரப்பில் பிழையைக் கண்டுபிடிக்கும் பயிற்சி பெற்றவன் நான். என் தரப்பில் பிழையே கிடையாது என்று நிறுவுவதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. அந்த மாலை, எனக்கு நினைவு தெரிந்து முதல் முறையாக, பிழை எங்கள் தரப்பில் இருந்துவிட வேண்டும் என்று கெஞ்சினேன். இணைப்பு எங்கள் வீட்டில் அறுந்திருந்தால் அப்பா கூடாரத்தில் சிரித்துக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டில் அறுந்திருக்காவிட்டால்? அந்தக் கேள்வியை முடிக்க எனக்குத் துணிவில்லை.

அம்மாவின் கைப்பேசியை எடுத்து அப்பாவின் எண்ணை அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. எப்போதும் சொல்வதுதான், அதிலிருந்து எதையும் அறிய முடியாது. எங்கள் ஊருக்கு இணைய இணைப்பு கொடுத்திருக்கும் கேபிள்காரரை அழைத்தேன்.

"லைட்டு என்ன கலருங்க எரியுது?"

"பச்சைங்க."

"ரெண்டுமேங்களா?"

"ரெண்டுமேதான்."

"அப்பறம் என்னங்க. உங்க பக்கம் சுத்தமா இருக்குது. அந்தப் பக்கந்தான் ஏதோ ஆயிருக்கும்."

அவர் பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்! அந்தப் பக்கந்தான் ஏதோ ஆயிருக்கும். கைப்பேசியை இறக்கித் திரும்பினேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அம்மா வாசற்படியில் நின்றிருந்தார்.

"என்ன சாமி சொன்னாரு?"

"நம்ம பக்கந்தாம்மா கோளாறு. இப்பச் சரி பண்ணிரலாம்."

சொல்லிவிட்டேன். சொன்ன வாதத்துக்குச் சான்று காட்டியாக வேண்டும். அலமாரியிலிருந்து கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தேன். ரூட்டரின் பின்னால் கை போனதைத் தங்கை பார்த்துவிட்டாள்.

"தொடாத அண்ணா! அப்பா தனியா நிக்கறாரு. நீ ஆஃப் பண்ணுனா நானும் நின்னுருவேன், ரெண்டு பேத்தையும் சுட்டுருவானுங்க."

"வெளையாட்டப் பத்திப் பேசற நேரமா இது?"

"உன்ற கோப்பையக் கேளு, கோளாறு எங்கன்னு அது சொல்லும்."

பிளக்கைப் பிடுங்கினேன். அவள் திரையில் எல்லாம் உறைந்தது. மீண்டும் செருகியபோது விளக்குகள் சிமிட்டின. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிவப்புக்காகக் காத்திருந்தேன். பச்சை வந்தது. ஒரு பச்சை விளக்கைப் பார்த்து மனிதன் நடுங்குவான் என்று எவராவது சொல்லியிருந்தால் நான் நகைத்திருப்பேன். கேபிளைக் கழற்றி மாட்டினேன். பச்சை. பெட்டியின் முதுகில் ரீசெட் என்று எழுதிய சிறு துளை இருந்தது. "ஊக்கு ஒண்ணு குடும்மா" என்றேன். அம்மா வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றித் தந்தார். ஊக்கின் முனையைத் துளைக்குள் விட்டு அழுத்தினேன்.

விளக்குகள் எல்லாம் அணைந்தன. வெகுநேரம் கழித்து ஒன்று மட்டும் எரிந்தது. சிவப்பு.

"பாரும்மா, செவப்பு! நான் சொன்னன்ல, நம்ம பக்கந்தான்."

அம்மா மார்பில் கை வைத்து மூச்சு விட்டார். எனக்கும் ஒரு கணம் உண்மையான நிம்மதி வந்தது என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். தங்கை மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரூட்டரில் பதிந்திருந்ததையெல்லாம் நான் அழித்ததால் வந்த சிவப்பு அது என்று அவளுக்குத் தெரியும். வைஃபையின் பெயரே அவள் கைப்பேசியிலிருந்து மறைந்துவிட்டது. வீட்டுக்குள் மொபைல் டேட்டாவோ, சுற்றிச் சுற்றியே சாகும். அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று பார்ப்பதற்கு எங்களுக்கு இருந்த ஒரே சன்னலை நான் என் கையாலேயே சாத்திவிட்டேன்.

அப்போது அம்மாவின் கைப்பேசி ஒலித்தது. அது என் கையில் இருந்தது. தெரியாத எண்.

எங்கள் தெருவில் எல்லோரும் அறிந்த ஒன்றைச் சொல்கிறேன். ரிக் வேலைக்குப் போனவர் வீட்டுக்கு, அவர் தம் எண்ணிலிருந்து பேசினால் செய்தி ஒன்றுமில்லை என்று பொருள். தெரியாத எண்ணிலிருந்து, தெரியாத குரலில், "பதட்டப்படாம கேளுங்க" என்று தொடங்கும் அழைப்பு வேறு. அது இரண்டு வீடு தள்ளி ஒருமுறை வந்திருக்கிறது. அன்று எழுந்த ஓலத்தை நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன்.

எந்தக் குறுக்குக் கேள்விக்கும் தயங்காதவன், அழைப்பை ஏற்கும் பச்சை வட்டத்தைத் தொட முடியாமல் நின்றேன். ஒலி அடங்கியது. மீண்டும் ஒலித்தது.

"எடு அண்ணா" என்றாள் தங்கை.

அம்மா என் கையிலிருந்து அதைப் பிடுங்கினார்.

"யாருங்க பேசறது?"

கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, கோப்பைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்து, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அந்த நினைப்பு எவ்வளவு நேரம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. இப்போதும் சில நாள் அந்த நினைப்பிலிருந்துதான் விழித்தெழுகிறேன்.

"எங்கீங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்று அம்மா வெடித்தார். "இங்க மூணு உசுரு போயிப் போயி வருது!"

ஸ்பீக்கரைத் தங்கை தட்டினாள். அப்பாவின் குரல் மூச்சு வாங்கியபடி வந்தது.

"நான் எங்க போனேன்? நீங்கதான் எங்கயோ போயிட்டீங்க. இங்க டிரான்ஸ்ஃபார்மருல ஃபியூஸ் வெடிச்சு கரண்டு போச்சு. ஜெனரேட்டர் போட்டு நெட்டு வந்ததும் உள்ள வந்து பாத்தா, பாப்பா என்ற பக்கத்துல கல்லாட்டம் நிக்குது. கத்திக் கத்திக் கூப்படறேன், அசையவே இல்ல. ஒருத்தன் வந்து அதச் சுட்டான். அப்பவும் அசையல."

"அது வெளையாட்டுலதானுங்க அப்பா" என்றாள் தங்கை, அழுதுகொண்டே சிரித்து.

"வெளையாட்டுலதான் சாமி. ஆனா எனக்குக் கை காலெல்லாம் ஆடிப்போச்சு. ஊட்டுல கேஸு கீஸு வெடிச்சுருச்சோன்னு... இங்கத்த வைஃபையை ரெண்டு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனேன், நம்ம பக்கந்தான் கோளாறா இருக்கோணும்னு. ஆகல. பண்ணைக்காரரு போனுக்கு மட்டும் மொட்டைமாடியில டவர் இருக்குது. அத வாங்கிட்டு ஓடியாந்தேன். மொதத் தடவ ஏன் எடுக்கல?"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "போனு பையன் கையில இருந்துச்சுங்க" என்றார்.

மறுநாள் கேபிள்காரர் வந்து, அழிந்துபோனவற்றையெல்லாம் மீண்டும் உள்ளிட்டார். "பச்சையா எரிஞ்ச பொட்டிய ஏனுங்க ரீசெட் பண்ணுனீங்க?" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது; ஆயினும் அது அவருக்குரிய பதிலன்று. கோப்பைகளைத் திரும்ப அடுக்கினேன்.

மாலையில் தங்கை விளையாட்டைத் திறந்தாள். அப்பா வந்தார். அவருடைய உருவம் குதித்துக் குதித்து எங்களை அழைத்தது. நான் முதல் முறையாகத் தங்கையிடம் ஹெட்போனைக் கேட்டு வாங்கினேன். அதற்குள் எவரெவரோ இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். மேடையில் நிற்பதுபோல் எழுந்து நின்றேன். எழுந்து நின்றால்தான் எனக்குக் குரல் வரும். முந்தைய நாள் வராத குரல் அப்போது வந்தது.

"அப்பா, நாந்தானுங்க பேசறேன். இனிமே எப்பவாச்சும் நீங்க அப்படியே அசையாம நின்னுட்டீங்கன்னா, நான் பொட்டியத் தொட மாட்டேன். யாரு போன் பண்ணுனாலும் மொத மணியிலயே எடுப்பேன். நீங்க திரும்பி வந்து பாக்கற வரைக்கும், நாங்க அசைஞ்சுக்கிட்டே உங்க பக்கத்துல நிப்போமுங்க."